பாதி வெட்டிய கறிப்பலா

எங்கள் சந்தின் கடைசி வீடு சூச்சின் என்ற அக்காவுடையது. ஹுவாலியன் நகரில் ஒரு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனியாள். யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லாதவள், அந்தக் கோடை முழுக்க மரம் வெட்டும் யோங்ஃபூவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

காரணம், அவள் தோட்டத்துக் கறிப்பலா மரம். ஒரு பக்கக் கிளைகள் தெருவின் மின்கம்பியைத் தொட்டன. மறுபக்கம் பக்கத்து வீட்டுப் பெங்கின் தகரக் கூரைமேல் கவிந்திருந்தது. அந்தக் கூரைக்குக் கீழேதான் பக்கவாதத்தில் விழுந்த பெங்கின் மனைவி படுத்திருந்தாள்.

மரம் வெட்டுவதில் யோங்ஃபூ சூரன்தான். ஒரு காலையில் வந்து, தெருப்பக்கக் கிளைகளை மளமளவென்று இறக்கினான். அப்போது போன் அடித்தது. “சாப்பிட்டுட்டு வந்துடறேன்க்கா” என்று ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை. இப்போது மரத்தின் மொத்த பாரமும் பெங்கின் வீட்டுப் பக்கம்.

அக்கா போன் செய்தால், “வண்டி மெக்கானிக்கிட்ட நிக்குதுக்கா.”

அடுத்த முறை, “மாமியார் தவறிட்டாங்கக்கா.”

“போன மாசமும் அவங்கதானே தவறினாங்க? உனக்கு எத்தனை மாமியார்டா?”

போன் துண்டிக்கப்பட்டது. வேறு ஆட்களைக் கூப்பிட்டாள். வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், இன்னொருவன் பாதியில் விட்ட மரத்தைத் தொட மாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

பெங் மதில்மேல் தலையை நீட்டிக் கத்துவார். “முன்னாடி சும்மா நின்ன மரத்தைக் காசு குடுத்து என் தலைமேல சாய்ச்சு வெச்சிருக்கியே! இது என்ன வேண்டுதலா?”

“நான் என்ன பண்ணட்டும் அண்ணே? அவன் வாசல்ல போய்ப் படுத்துக்கட்டுமா?”

“படு. போர்வை நான் தர்றேன்.”

அதன்பின் இருவருக்கும் பேச்சே இல்லை.

புயல் வருகிறதென்று பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் விடுமுறை விட்டார்கள். காலையிலேயே காற்று கிளம்பிவிட்டது. அக்கா சன்னலில் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீச்சிலும் அடிமரம் முனகியது. வேர்ப்பக்கம் மண் மெல்லத் தூக்கித் தூக்கி இறங்கியது.

அந்த நேரத்தில்தான் யோங்ஃபூவின் வண்டி வந்து நின்றது. தொப்பலாக நனைந்தவன் ரம்பத்தோடு இறங்கி நேரே ஏணிக்குப் போனான்.

அக்கா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். “ஏறாதே!”

“விடுங்கக்கா. அந்தப் பெரிய கிளை ஒண்ணை மட்டும் இறக்கிட்டாப் போதும்.”

“வெயில் அடிச்சப்பல்லாம் எங்கடா போயிருந்த? இப்ப வந்து என் தோட்டத்துல சாகப் பாக்குறியா?”

“ஊரே கூப்பிடுது. எல்லார்கிட்டயும் வர்றேன்னு சொல்லிட்டேன். இல்லைன்னு சொல்ல வாய் வரல.” முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். “ராத்திரி பூரா பக்கத்து வீட்டம்மா முகம்தான் கண்ணுல நின்னுச்சு.”

ஒரு கிளை முறிந்து மதிலில் விழுந்தது. அக்கா ஏணியை இழுத்துச் சேற்றில் தள்ளினாள். “மரம் போகட்டும். உள்ள படுத்திருக்கிறவளைத் தூக்கு. வா!”

பெங் கதவைத் திறக்கவில்லை. “உன் வீட்டுக்கு நாங்க வர மாட்டோம்” என்றார் உள்ளிருந்தே.

“என்னைத் திட்டணும்னா என் வீட்ல உக்காந்து திட்டுங்க அண்ணே! கதவைத் திறங்க! அவளுக்காகத் திறங்க!”

தாழ்ப்பாள் விலகியது.

யோங்ஃபூ அந்த அம்மாவை முதுகில் சுமந்தான். பெங் பின்னால் அவள் தலைக்குமேல் மழைக்கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்காவின் வாசற்படி ஏறிய பிறகுதான் அதை இறக்கினார்.

மதியம் மரம் விழுந்தது. தரை அதிர்ந்தது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. காற்று தணிந்ததும் பெங் மட்டும் போனார். தகரம் இரண்டாக மடிந்து கிடந்தது. கட்டிலின் தலைமாட்டில், தலையணையை அழுத்திக்கொண்டு அடிமரம் படுத்திருந்தது. திரும்பி வந்தவர் அக்காவின் எதிரே உட்கார்ந்தார்.

“குடிக்கச் சூடா எதாவது இருக்கா?” என்றார்.

மறுநாள் யோங்ஃபூ வந்து அடிமரத்தைத் துண்டுபோட ஆரம்பித்தான். பாதியில் போன் அடித்தது. பேசிவிட்டு, “ஒரு எட்டு போயிட்டு…” என்று தொடங்கினான்.

அக்கா கையை நீட்டினாள். “வண்டிச் சாவி.”

“அக்கா…”

“குடுடா.”

கொடுத்தான். அவள் அதைச் சமையல் அங்கியின் பையில் போட்டுக்கொண்டாள். பெங் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தார். கடைசித் துண்டு வண்டியில் ஏறி, பெங்கின் கூரைக்குத் தார்ப்பாயும் கட்டி முடித்த பிறகுதான் சாவி அவன் கைக்குப் போனது.