சிஸ்டர் உட்காராத நாற்காலி

சளியில் முதல்முறை ரத்தம் பார்த்தது தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல ரயில் ஏறி ஆபீஸுக்குப் போனேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது, அந்த வயதுக்கான திமிரும் இருந்தது.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "டிபிதாம்மா. ஒழுங்கா மருந்து எடுத்தா போயிடும். பாதியில நிறுத்தினா திரும்பி வரும்" என்றார். தினமும் மாத்திரை. கூடவே இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்ல இடுப்பில் போடும் ஊசி). உங்களுக்கும் இதே நோய் என்றால் நானும் அதையேதான் சொல்வேன், நிறுத்தாதீர்கள்.

மாடம்பாக்கத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் எஸ்தர் சிஸ்டர் இருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் வந்து எனக்கு ஊசி போட்டார். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்ச். அம்மா அதை அடுப்பில் கொதிக்கவைக்க இருபது நிமிடம் ஆகும். அதுவரை சிஸ்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார்.

"இன்னா கண்ணு, இன்னிக்கு சாப்ட்டியா, பூனைக்குப் போட்டியா?" என்பார். பகலெல்லாம் தனியாகக் கிடந்த எனக்கு அந்த இருபது நிமிடம்தான் நாள்.

அவர் போனதும் அம்மா நாற்காலியை வாசல் அடிபம்புக்குத் தூக்கிப் போய்க் கழுவுவாள். கிருமிக்காக என்று முதலில் நினைத்தேன். கிருமி இருந்தது என்னிடம் அல்லவா, எனக்கு அதுகூட உறைக்கவில்லை. ஒருநாள் கேட்டபோது அம்மா குரலைத் தாழ்த்தி, "அவங்க அப்பன் நம்ம கழனியில வேலை செஞ்ச ஆளு. ஊசி போடட்டும், வேணாங்கல. அதுக்காக முறைய விட முடியுமா?" என்றாள்.

நான் சளி துப்பும் கிண்ணத்தைத் தன் கையால் கழுவியவளும் இதே அம்மாதான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளிடம் எப்படிச் சண்டை போடுவது? உடம்பு தேறட்டும், பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குப் பொறுமை என்று பெயரும் வைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். மறந்துவிட்ட குடைக்காக சிஸ்டர் திரும்பி வந்தார். அடிபம்படியில் அம்மா நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் நாற்காலியைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று போய்விட்டார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"உட்காருங்க சிஸ்டர்."

"இருக்கட்டும் கண்ணு. நின்னுகினே பழகிடுச்சு."

அன்றுதான் அம்மாவிடம் வெடித்தேன். "என் சளிக் கிண்ணத்தையும் கழுவற, அவங்க உட்கார்ந்த நாற்காலியையும் கழுவற. ரெண்டும் உனக்கு ஒண்ணாம்மா?"

"நீ நான் பெத்த பொண்ணுடி" என்று அழுதாள். எனக்கு இருமல் வந்தது. அம்மா முதுகைத் தடவிவிட்டாள். பேச்சு அதோடு நின்றது. நாற்காலி கழுவுவதும் நின்றது, உட்கார ஆள் இல்லாததால்.

மிச்சமிருந்த ஒரு மாதமும் சிஸ்டர் நின்றுகொண்டே காத்திருந்தார். ஊசி போடும் கை முன்புபோலவே மெதுவாக இருந்தது. பூனைப் பேச்சு மட்டும் இல்லை. கடைசி ஊசியன்று மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். "மாத்திரைய நிறுத்திடாத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் தலையாட்டினேன். சில மாதங்களில் மாற்றலாகி ஊரைவிட்டே போய்விட்டார்.

அடுத்த வருடம் எக்ஸ்ரே சுத்தமாக வந்தது. அன்று வீட்டில் யாரும் இல்லாதபோது, சிஸ்டர் நின்ற இடத்தில் நானும் நின்று பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடம் கால் வலித்தது. அவரோ பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்தவர்.

அங்கே நின்றபோதுதான் கட்டில் கண்ணில் பட்டது. எலும்பும் தோலுமாக நான் கிடந்த கட்டிலில் பாதி காலியாகத்தான் இருந்திருக்கும். கொஞ்சம் நகர்ந்து, "இங்க உட்காருங்க சிஸ்டர்" என்று சொல்லியிருக்கலாம். கட்டிலை அம்மா என்ன செய்திருப்பாள்? முப்பது நாளில் ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

மழைக்காலத்தில் ஊசி போட்ட இடம் இப்போதும் கடுக்கும். அப்போது என்னையறியாமல் சுவரோரமாக நகர்ந்து படுக்கிறேன்.