முதல் பாவசங்கீர்த்தனம்

வீட்டைவிட்டுக் கிளம்பினால் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பேன். பாதித் தெருவிலிருந்து ஓடிவந்து குழாயை மூடினேனா என்று பார்ப்பேன். "உன்ன பேங்க் வாசல்ல வாட்ச்மேனா போடலாம்" என்பார் என் கணவர். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் வானம் கறுத்துவிட்டால் சிரிப்பு வராது. எதையோ திறந்துபோட்டுவிட்டு வந்திருக்கிறேன், அதனால் யாரோ கெட்டுப்போகப் போகிறார்கள் என்று தோன்றும்.

அது உப்பளத்தில் பிடித்த பயம். அப்பா மரக்காணத்தில் உப்புப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து வேலை செய்தவர். எங்களுக்குக் கீழ்ப்பாத்தி பக்கத்து வீட்டுக்காரருடையது. அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. வாரி ஒதுக்கிய உப்பு இன்னும் பாத்திக்குள்ளேயே கிடந்தது. தண்ணீர் தேங்கினால் உப்பு கரைந்துவிடும். மடையைத் திறந்துவிட்டால் நம் உப்பு தப்பிக்கும், ஆனால் அந்தத் தண்ணீர் கீழே இறங்கி அடுத்தவன் உப்பைக் கரைத்துவிடும். அதனால் மழை நேரத்தில் பக்கத்துப் பாத்திக்கு மடை திறப்பது அளத்தில் பெரிய துரோகம். மழை விட்டுப் பார்த்தபோது எங்கள் உப்பு பாதி மிஞ்சியிருந்தது. பெரியப்பா பாத்தியில் ஒரு பிடி இல்லை. நடுவில் மடை திறந்து கிடந்தது.

"இவதான் வெளையாட்டா மடைப் பலகையப் புடுங்கிட்டா" என்றார் அப்பா, என் முதுகில் ஒன்று வைத்து.

நான் மடைப்பக்கம் ஓடியது உண்மை. சேற்றில் வழுக்கியதும், விழாமலிருக்க எதையோ பிடித்ததும் நினைவிருந்தது. அப்பாவே சொல்கிறார், அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். பெரியப்பா கரைந்துபோன பாத்தியைப் பார்த்துக்கொண்டே, "சின்னப் புள்ள, வுடுப்பா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வருடம்தான் எனக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குவது. அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். மற்ற பிள்ளைகள் என்ன பாவத்தைச் சொல்வது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சாமியார் முன் முழந்தாளிட்டு, மடையைத் திறந்ததைச் சொன்னேன். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார் அவர். சொன்னேன். பாவம் போய்விட்டது என்றார்கள். போன மாதிரியே இல்லை.

இந்தக் கோடையில் அப்பாவை ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தேன், கேஸை மூடினேனா என்ற கவலையையும் சுமந்துகொண்டு. அப்பாவுக்கு மூச்சுத் திணறலைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் மங்கினாலே "மழையா?" என்று கேட்டார். சாமியாரைக் கூட்டிவரச் சொல்லி நச்சரித்தார்.

சாயங்காலம் சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். வெகு நேரமாகியும் கதவு திறக்கவில்லை. மேற்கே மேகம் ஏறிக்கொண்டு வந்தது. அளத்தில் ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு உப்புக் குவியல்களைப் பார்த்து ஓடினார்கள். நான் சாத்திய கதவைப் பார்த்தேன். இந்த மனுஷனுக்கு இவ்வளவு நேரம் சொல்ல என்ன பாவம் இருக்கிறது?

சாமியார் போனபின் உள்ளே போனேன். அப்பாவின் நெற்றியில் சாமியார் பூசிய எண்ணெய் மினுங்கியது. முகத்தில் நிம்மதியைக் காணோம்.

"சாமி மன்னிச்சிட்டார்னு சாமியாரு சொல்றாரும்மா. எனக்குத்தான் அத வாங்கிக்க முடியல."

"ஏம்பா?"

"அந்த மடைய நான்தான் தொறந்தேன். நீ இல்ல. கொழந்தன்னா வுட்ருவாங்கன்னு உன் பேர சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர் என்றும் பார்க்காமல், "சாமியார்கிட்ட சொன்னா தீந்துச்சா? இத்தன வருஷம் பயந்து செத்தது நான்பா!" என்று கத்தினேன். மன்னிப்பதற்கு முன்னால் கடவுள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. பெரியப்பாவும் உயிரோடு இல்லை, போய்ச் சொல்ல. கூரைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது.

"மொத பாவசங்கீர்த்தனத்துல நீ அதத்தான சொல்லியிருப்ப? அப்போ சாமியாரு உனக்கு என்ன ஜெபம் குடுத்தாரு?" என்று கேட்டார் அப்பா.

"மூணு அருள் நிறைந்த மரியே."

"அது நான் சொல்ல வேண்டியது. இப்போ சொல்லிடறேன்."

கையைக் குவிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லிக்கொண்டு வந்தவர், 'இப்பொழுதும்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். அடுத்த வார்த்தை என்ன என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் பயம். என்னைப் பார்த்தார். அவரை அங்கேயே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு குனிந்து அவர் கையைப் பிடித்து, "எங்கள் மரண வேளையிலும்" என்றேன். அவரும் கூடவே சொன்னார்.

இரண்டாவதை இருவரும் சேர்ந்து சொன்னோம். அதற்குள் அவர் களைத்துப்போனார். "இன்னும் ஒண்ணு இருக்குது" என்று முனகினார்.

மூன்றாவதை நான் மட்டும் சொன்னேன். யார் பாவத்துக்காகச் சொல்கிறேன் என்று இந்த முறை எனக்குத் தெரியும்.