ஒரே அட்டையில் மூன்று வாதம்

மல்லிகை மொட்டை விடியலிலேயே பறித்துவிட வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், சாணார்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில், மொட்டைப் பிடித்த விரல்கள் மடங்க மறுத்தன. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்த ராசாத்தி அக்கா, என் கணவரின் அண்ணன் மனைவி, சிரித்தார். "என்ன செல்வி, பூவுக்கு வலிக்கும்னு பாக்குறியா?"

நாங்கள் ஓரகத்திகள் என்றால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். அம்புட்டு ஒட்டு. ஊர்க்கதை பேசிச் சிரிப்பதற்குள் மடி நிறைந்துவிடும். எதையாவது திரும்பக் கேட்கலாம் என்றால் நான் அந்தக் காலைகளைத்தான் கேட்பேன்.

அக்காவுக்கு முழங்கால் வலி. மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரை அட்டை அடுப்படி அலமாரியில் எப்போதும் இருக்கும். "எல்லாம் வாதந்தான், இந்தா போடு" என்று எனக்கும் ஒன்று பிரித்துக் கொடுத்தார். என் கணவருக்குக் கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கியபோது அவருக்கும் அதே அட்டைதான். வலி அடங்கியது. அடங்கியதால் ஒருவரும் டாக்டரிடம் போகவில்லை. இரண்டு வருடம் இப்படியே ஓட்டினோம், புத்திசாலிகள்.

என் வலது கையில் இரண்டு விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாயத் தொடங்கிய பிறகுதான் மூன்று பேரும் திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "காலையில எந்திரிச்சா கை மடங்க எம்புட்டு நேரமாகும்?"

"மணி எட்டு, எட்டரை ஆயிரும்மா. வேலை செய்யச் செய்யத்தான் இளகும்."

அக்காவிடமும் அதையே கேட்டார். "பத்தடி நடந்தா சரியாயிரும்மா. சாயங்காலந்தான் உசுரு போகுது."

மூன்றும் வேறு வேறு நோய் என்றார். அக்காவுக்கு ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் (மூட்டுத் தேய்மானம்): எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. என் கணவருக்குக் கௌட் (ரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி ஊசியாக மூட்டில் படிவது). எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் (முடக்குவாதம்): உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது.

"வலி மாத்திரை வலியத்தான் அமுக்கும், அரிப்ப நிறுத்தாது. சாஞ்ச விரல் நிமிராதும்மா. மத்த விரல காப்பாத்தப் பாப்போம்."

வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) எழுதினார். தினமும் போட்டால் ஆபத்து என்று இரண்டு முறை சொன்னார். ரத்தப் பரிசோதனையை விடக்கூடாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நாந்தான் உங்கையக் கெடுத்துட்டேன்ல?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர் வந்து இறங்கும்போதுதான் "விடுக்கா" என்றேன்.

மருந்து வேலை செய்ய மூன்று மாதமானது. மற்ற விரல்கள் தப்பின. சாய்ந்த இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கிள்ளப் பழகினேன். என் பொழுது இப்போது விடியலில் தொடங்குவதில்லை, கை இளகும்போதுதான் தொடங்குகிறது.

அக்கா மகனோடு ஒட்டன்சத்திரம் போய்ப் பல வருடங்களாகின்றன. தினமும் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "இன்னைக்கு எத்தன மணிக்குக் கை வந்துச்சு?" என்பார்.

டாக்டரிடம் நிமிடம் பிசகாமல் உண்மையைச் சொல்லுங்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். அக்காவிடம் மட்டும், எட்டு மணியானாலும், "எந்திரிக்கும்போதே வந்துருச்சுக்கா" என்கிறேன்.