எட்வின் மரத்திலிருந்து விழவில்லை

எட்வின் போய்விட்டான் என்று அவன் மனைவி ஸ்டெல்லா போன் செய்தபோது, இரும்புலியூர் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தானாம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. நான் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், மரத்தின் மேல் பேட்டரி ரம்பம் சார்ஜ் இறங்கி நின்றது, எட்வின் விழுந்தான் என்ற பேச்சு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

பரப்பியவன் கஜா. பெட்ரோல் ரம்பம் வைத்து மரம் வெட்டுகிறவன். வாசலில் சவப்பெட்டி இருக்கும்போதே, "பொம்ம மிஷின நம்பிகினு மேல போனா இப்டித்தான்" என்றான்.

"டேய், அவன் கட்டில்ல செத்தான்டா!" என்றேன்.

"ஆயா, சாவு வூடு, சண்ட வாணாம்" என்று என்னை இழுத்தார்கள். சாவு வீட்டில் பொய் சொல்லலாம், பதில் சொல்லக் கூடாதா? அந்தப் பொய் நின்றுவிட்டால், இனி ஸ்டெல்லா நடத்தப்போகும் எங்கள் மரம் வெட்டும் குழுவை ஒரு வீட்டுக்காரரும் கூப்பிட மாட்டார். அதனால் அவனோடு மரம் ஏறிய உங்களுக்கும் கிளை இழுத்த உங்களுக்கும் எழுதுகிறேன்.

சார்ஜ் இறங்கினால் ரம்பம் நிற்கும். மனிதன் விழ மாட்டான். அவனைப் பிடித்திருப்பது இடுப்புக் கயிறு, பேட்டரி இல்லை. கஜாவுக்கும் இது தெரியும்.

அந்த ரம்பத்தை வாங்கி வந்த அன்று டீக்கடையில் கஜா கேட்டான்: "இன்னா எட்வினு, முடி வெட்டவா?"

"உக்காருண்ணே, உன்னுத மொதல்ல வெட்டிவுடறேன்" என்றான் எட்வின். பிடிவாதக்காரன் இல்லை அவன். "தலையில பேட்டரி, அடியில பெட்ரோல்" என்பான். பருத்த அடிமரத்துக்குப் பழைய ரம்பத்தையே எடுப்பான்.

நான் கீழே கயிறு பிடிப்பவள், விழுந்த கிளைகளை இழுத்துப் போடுபவள். பெட்ரோல் ரம்பம் அலறினால் ஒதுங்குவோம், அடங்கினால் உள்ளே போவோம். கால்களுக்கு அதுதான் பழக்கம். பேட்டரி ரம்பம் வெட்டாதபோது சத்தமே போடாது. புதிதில் அஸ்தினாபுரத்தில் ஒரு நாள், சத்தமில்லை, வேலை நின்றுவிட்டது என்று மரத்தடிக்குப் போய்விட்டேன். அடுத்த கிளையில் ரம்பத்தை வைத்திருந்தவன் விசையை அழுத்தினான். கிளை என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

இறங்கி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. "ஆயா, இனிமே நான் கேப்பேன். நீ சொல்லாம அமுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் மேலிருந்து குரல் வரும்: "ஆயா, வெட்டவா?" ஆள் யாராவது கடந்தால் "இரு" என்பேன். இருப்பான்.

"கெழவிகிட்ட பர்மிஷன் வாங்கினுதான் வெட்டுவியா?" என்று கஜா அதையும் விடவில்லை.

"உனுக்கு கேக்க ஆள் இல்லியேண்ணே" என்றான் எட்வின்.

புயலுக்குப் பிறகு ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த ஒரு தூங்குமூஞ்சி மரம். எட்வின் ஏறி, பாதி வெட்டி, ரம்பத்தை நிறுத்தினான். அந்த அமைதியில் மரம் மளுக்கென்றது எனக்குக் கேட்டது. "எட்வினு, நீ நிக்கிற கொப்பு பொளக்குது!" என்று கத்தினேன். அது அவனுக்கும் கேட்டது. தாய்மரத்தை அணைத்துக்கொண்டான். நின்றிருந்த கொப்பு கீழே வந்தது, அவன் வரவில்லை. தலைக்குமேல் பெட்ரோல் ரம்பம் உறுமிக்கொண்டிருந்தால் மரம் முறிவதும் கேட்டிருக்காது, என் கத்தலும் கேட்டிருக்காது. பொம்மை மிஷின்தான் அன்று அவனை ஸ்டெல்லாவிடம் திருப்பி அனுப்பியது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் கஜாவும் இருந்தான். பார்த்துவிட்டுத்தான் இப்போது இப்படிப் பேசுகிறான்.

எட்வின் இருந்தால் அவனை மன்னித்திருப்பான். அந்தக் குணத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டது வேறு. வாக்கப்பட்ட வீட்டாரோ பெற்ற பிள்ளைகளோ, என் பதிலுக்காக யாரும் எதையும் நிறுத்திவைத்ததில்லை. அவன் நிறுத்தினான். திங்கட்கிழமை ஸ்டெல்லா பிடித்த வேலைக்கு அதே ரம்பத்தோடு போகிறோம். மேலே ஏறுகிறவன் எவனாக இருந்தாலும், நான் வாய் திறக்கும்வரை அங்கேயே நிற்கட்டும்.