யூசுப் அண்ணன் காய வெச்ச சாம்பார்

மொட்டை மாடி வெயில்ல சாம்பார் காயுற வாசம் உங்கள்ல யாருக்காவது தெரியுமா?

பெருங்காயமும் புளியும் சேர்ந்து, லேசா அடிபிடிச்ச மாதிரி... கீழ் வீடு வரைக்கும் இறங்கும். தஞ்சாவூர்ல நானும் எங்க அண்ணன் செல்வமும் வாடகைக்கு இருந்த வீடு அது. எனக்கு அப்பதான் முதல் வேலை. மாடியில எவர்சில்வர் தாம்பாளம் நிறைய கெட்டி சாம்பாரை மெலிசாத் தடவி, மேல வலைத்துணி போட்டு, காக்கா வராம குடை புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு யூசுப் அண்ணன்.

எங்க அண்ணனோட ஆபீஸ் ஃப்ரெண்டு. லீவு நாள்ல காய வைக்க எங்க மாடிக்குத்தான் வருவாரு. தரங்கம்பாடிக்காரரு. அவரோட அத்தா, அதாவது அப்பா, மளிகைக்கடை வெச்சிருந்தாங்க.

சின்ன வயசுல இருந்தே கறி, மீன் எதுவும் தொடமாட்டாரு. ஏன்னு கேட்டா, "புடிக்கலம்மா, அவ்ளோதான்"பாரு. வீட்டுல பிரியாணி செஞ்சா இவருக்கு மட்டும் அவங்க அம்மா தனியா தயிர்சோறு பிசைஞ்சு வைப்பாங்களாம். நாங்களோ மீன் குழம்பு இல்லாம ஞாயித்துக்கிழமை விடியாத நீடாமங்கலத்துக் குடும்பம்...

மலையேறுற பழக்கம் அவருக்கு. போற எடத்துல சைவமா ஒண்ணும் கிடைக்காம பன்னும் பிஸ்கட்டும் தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டு, கடைசியில தானே கத்துக்கிட்டாரு. பருப்பை வேக வெச்சுக் காய வைப்பாரு. பீன்ஸ், கேரட்டு, கொத்தவரங்காய் எல்லாம் பொடிசா அரிஞ்சு காய வைப்பாரு. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து, மிளகு சீரகத்தோட கலந்து கட்டினா அது பொங்கல். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல்...

"ஈரத்தை எதுக்குத் தோள்ல சுமக்கணும்?" இதுதான் அவரு சொல்றது.

அந்தக் கோடையில ஒரு ஆசை வந்துச்சு அவருக்கு. திருவையாத்துல இருந்து காவிரிக் கரையோரமா நடந்தே பூம்புகார் போகணும்னு. நானும் அண்ணனும் கூடப் போனோம். ஆளுக்கொரு பை, ஒரு சின்ன கேஸ் அடுப்பு, ஒரு அலுமினியப் பாத்திரம்.

ஆத்துல தண்ணி இல்ல. மணலும் நாணலும்தான். காலையில நடப்போம், வெயில் ஏறினா மரத்தடி. அந்த மரத்தடிச் சமையல்... கொதிக்கிற தண்ணியில அந்தச் சருகு மாதிரி இருக்கிறதைப் போட்டு மூடி வெச்சா, கொஞ்ச நேரத்துல கல்யாண வீட்டு வாசம் வரும். அண்ணன் மூணாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

கும்பகோணம் தாண்டின மறுநாள். சாப்பிட்டு முடிச்சோம். "நீங்க படுங்க, நான் தேய்ச்சுட்டு வரேன்"னு பாத்திரத்தை எடுத்துக்கிட்டு ஆத்துக்குள்ள இறங்கினாரு யூசுப் அண்ணன். நடுவுல ஒரு எடத்துல பச்சையா தண்ணி தேங்கி நின்னுச்சு. பாத்தா மாடு இறங்கிக் குடிக்கிற குட்டை மாதிரிதான் இருந்துச்சு.

சத்தமே கேக்கல எனக்கு. திரும்பிப் பாத்தப்ப தண்ணியில பாத்திரம் மட்டும் மிதந்துச்சு.

எங்க அண்ணன் ஓடிப்போய்க் குதிச்சான். வாய்க்கால்ல நீந்தி வளந்தவன். மூழ்கினான், எழுந்தான், மூழ்கினான்... ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோட வந்தான். நான் கரையேறி ரோட்டுக்கு ஓடினேன். ஆடு மேய்ச்சவங்க ரெண்டு பேரு கயிறோட வந்தாங்க. வெளிய எடுத்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

"மணல் அள்ளின குழிம்மா," அவங்கள்ல ஒருத்தர் சொன்னாரு. "ஓரத்துல முழங்காலு, அடுத்த அடி பனை ஆழம். எங்க ஆட்டையே விடமாட்டோம்."

கடலைப் பாத்து வளந்தவரு யூசுப் அண்ணன். நீச்சல் தெரியாதுன்னு அன்னைக்குதான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

அடக்கம் பண்ணி, ஃபாத்திஹா ஓதி எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு, போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து அவரு பை திரும்பி வந்துச்சு. தரங்கம்பாடிக்கு எடுத்துக்கிட்டுப் போனோம். அவங்க அம்மா தரையில உக்காந்து ஒவ்வொண்ணா வெளிய எடுத்தாங்க. சட்டை, துண்டு, டார்ச் லைட்டு. அப்புறம் ஒரு பாக்கெட்டு.

"இது என்னம்மா?"

"சாம்பார்ம்மா. அண்ணன் காய வெச்சது. வெந்நியில போட்டா..."

அவங்க கொஞ்ச நேரம் அதைக் கையிலயே வெச்சிருந்தாங்க. எழுந்துபோய் அடுப்பைப் பத்த வெச்சாங்க.

எல்லாருக்கும் சோறு போட்டு ஊத்தினாங்க. யூசுப் அண்ணனோட அத்தா ஒரு வாய் வெச்சாரு. "உப்பு சரியா இருக்கு"ன்னாரு. அப்புறம் கை தட்டுலயே நின்னுடுச்சு.

பைக்குள்ள இன்னொரு பாக்கெட்டு இருந்துச்சு. அதையாவது எடுத்து வைங்கம்மான்னேன்.

"வெச்சிருந்தா பூச்சி வந்துடும்மா. பூச்சி திங்கவா எம்புள்ள செஞ்சான்..."

அதையும் அன்னைக்கே சமைச்சாங்க.

எங்க அண்ணன் இப்ப குவைத்ல இருக்கான். லீவுல வந்தா ஆத்துப் பாலம் தாண்டுற வரைக்கும் கண்ணை மூடிக்குவான்.

நான் சென்னைக்கு வந்து வருஷம் ஓடிருச்சு. இப்ப யாரும் மாடியில காய வைக்கிறதில்ல. சூப்பர் மார்க்கெட்ல சாம்பார் சாதம், உப்புமா, பொங்கல்... எல்லாம் வெந்நி ஊத்தினா ரெடி. வாங்கிப் பாத்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு. யூசுப் அண்ணன் இருந்திருந்தா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்து, என்னென்ன போட்டிருக்கான்னு ஆராய்ச்சி பண்ணியிருப்பாரு.

போன வாரம் எங்க ஆபீஸ் புள்ளைங்க சில பேரு காவிரிக் கரையில நடக்கப் போறோம், சைவமா என்ன எடுத்துட்டுப் போலாம்னு வாட்ஸ்அப்ல கேட்டாங்க. வறுக்கிறது, காய வைக்கிறது, கட்டுறது... எனக்குத் தெரிஞ்சதெல்லாம் டைப் பண்ணினேன். தண்ணிக்கு ஊருக்குள்ள போய் எந்த வீட்டுலயாவது கேளுங்க, குடுப்பாங்கன்னு எழுதினேன்.

"எதுக்குக்கா? ஆறுதான் பக்கத்துலயே இருக்கே"ன்னு ஒரு பொண்ணு அனுப்பினா.

பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன்... அழிச்சேன்... திரும்ப ஆரம்பிச்சேன்.

அப்புறம் அந்தப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணினேன்.