நவாப்பின் சமையல்காரர்

ஆட்டுத்தொடையைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டியதும், சுபியான் பாய் கறிக்கடைப் பூனையைத் தூக்கி அதன் மேலுதட்டை விலக்குகிறார். ஈறைப் பார்க்கிறார். வாயை முகர்கிறார். "ஓரத்துல செவந்துக்கினு இருக்குதுபா. டாக்டராண்ட காட்டிடு," என்கிறார் கடைக்காரரிடம். கறி வாங்க வந்தவர்கள் சிரிக்கிறார்கள். பாய் சிரிப்பதில்லை.

காஞ்சிபுரத்தில் அவர் கல்யாணப் பிரியாணி மாஸ்டர். செவிலிமேட்டிலிருந்து மாகறல் வரை அவருடைய தேக்சா அண்டா இறங்காத மண்டபம் குறைவு. தடித்த உடம்பு, வெள்ளைப் பனியன், தோளில் ஈரத்துண்டு. ருசி பார்க்க மாட்டார். ஆவியை முகர்ந்தே உப்பைச் சொல்லிவிடுவார். இலையில் யாராவது சோற்றை மிச்சம் வைத்தால் அன்று முழுக்கப் பேச்சு இருக்காது.

அப்படிப்பட்டவரின் கறியை அவர் வீட்டுப் பூனையே வேண்டாமென்றது. சாம்பல் நிறக் கடுவன், பெயர் நவாப். கிண்ணத்தை வைத்ததும் ஓடி வரும். ஒரு வாய் கடித்ததும் அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

"பூனைக்கே உங்க கைப்பக்குவம் புடிக்கல போல," என்றார் மனைவி கௌசர், விளையாட்டாக. பாய்க்குச் சுருக்கென்றது. எலும்பை நீக்கினார், கொத்தினார், ஈரல் வைத்தார். நவாப் தொடவில்லை. எச்சில் வடிந்தது, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்றார்கள் தெருவில். கடைசியில் அதன் வாயைத் திறந்து பார்த்தார். ஈறெல்லாம் புண்.

ஒப்புக்கொண்ட கல்யாணத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நவாப்பைக் கூடையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினார். மருத்துவர், ஓர் இளம்பெண், எல்லாப் பல்லையும் எடுத்துவிட வேண்டும் என்றார்.

"பல்லு இல்லாம எப்பிடிமா துன்னும்?"

"இப்ப பல்லு இருந்து சாப்பிடுதா, பாய்?"

மயக்க ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனதும் வராந்தாவில் நின்று அழுததை அவரே சொல்கிறார், கூச்சமில்லாமல்.

புண் ஆறியது. இப்போது நவாப்புக்குத் தனிச் சமையல். கோழியை வேகவைத்துக் கூழாக மசிக்கிறார். "உப்பு கெடையாது, மசாலா கெடையாது. வெங்காயம் பூனைக்கு ஆவவே ஆவாது. அப்பிடியும் ருசியா ஆக்கணும். ஆக்குறேன்ல?" என்று மார்பைத் தட்டிக்கொள்கிறார். நவாப் இப்போது உருண்டை. "வாயில ஒத்தப் பல்லு இல்ல. இத்த எதுத்து நிக்க இந்தத் தெருவுல ஒரு பூன இருக்குதா, கேளு."

நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த அன்று காலையில் வாசலில் ஒரு கார் நின்றது. பெரிய பட்டுக்கடை முதலாளி ராஜவேலு, மகன் வரவேற்பு விருந்தைப் பேச நேரில் வந்திருந்தார். "பாய், கொஞ்சம் அவசரம்," என்றார் வாசற்படியில் நின்று.

நவாப் கிண்ணத்தின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குந்தியிருந்த பாய் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளியை நோக்கி ஒரு விரலை மட்டும் உயர்த்தி, இருங்கள் என்று காட்டினார்.