படகுக்குள் தண்ணீர்

பாலாற்றங்கரையில் பிறந்து, வருஷத்தில் பதினொரு மாதம் வெறும் மணலையே ஆறு என்று நம்பி வளர்ந்த ஒருவன் பாய்மரப் படகு வாங்கினான் என்று கேள்விப்பட்டால் நானே முதல் ஆளாகச் சிரிப்பேன். வாங்கியது நானாகப் போய்விட்டதால் மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ரயில்வே துரை, காட்பாடியில் தம் சாமான்களை ஏலம் விட்டார். நான் போனது ஒரு சாய்வு நாற்காலிக்காக. நான் கையைத் தூக்குவதற்குள் ஏலக்காரர் அடுத்த உருப்படியான படகுக்குப் போய்விட்டிருந்தார். தூக்கிய கையை இறக்க வெட்கமாக இருந்தது. போதாததற்கு, ஆங்கிலத்தில் கப்பல் கதைகள் நிறையப் படித்தவன் என்கிற கர்வம் வேறு. இரண்டு மாட்டு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, அதன்மேல் படகை ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுவந்தோம். பள்ளிகொண்டாவில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “எந்தக் கோயில் தேருங்க இது?” என்று கேட்டார்.

ஐப்பசி மழையில் ஊர் ஏரி நிரம்பியிருந்தது. என் மனைவியின் அக்காள் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். வண்டிப் பாதையில் சுற்றிப் போனால் மூன்று மைல், படகில் கால் மணி நேரம் என்று அவளிடம் விளக்கினேன். அவள் படகை ஒருமுறை சுற்றி வந்தாள்.

“இதோ பாருங்க. என் பொடவக் கொசுவம் நனையாம அக்கா வூட்டு வாசல்ல கொண்டுபோய் உட்டீங்கன்னா, இது இருந்துட்டுப் போவட்டும். ஒரு சொட்டு நனைஞ்சிச்சோ, பொங்கப் பானைக்கு வெறகு ஆச்சு.”

அவள் சொன்னால் செய்கிறவள். என் பழைய புல்புல்தாரா வாத்தியம் எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் ஒரே காலையில் எரிந்து முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு தோல் ஷாப்பில் கடிதம் எழுதும் உத்தியோகத்தில் இருந்தேன். ஷாப்பு என்றால் வியாபாரக் கடையல்ல. தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கடலோடிகள் குடிநீரில்லாமல் படகில் ஏறவே மாட்டார்கள் என்று படித்திருந்தேன். ஆகவே எங்கள் ஷாப்பு மேஸ்திரியிடம் சொல்லி ஆட்டுத்தோலில் ஒரு தண்ணீர்ப் பை தைத்து வாங்கினேன். தையலுக்குக் கொழுப்பு பூச வேண்டும் என்றார் அவர். குடிக்கிற தண்ணீரில் கொழுப்பு நாறுமே, வேண்டாம் என்றேன். படகின் மூக்கில் கதவு வைத்த ஒரு சின்ன அலமாரி இருந்தது. அதற்குள் பையைத் தொங்கவிட்டு, ஷாப்புக்குத் தண்ணீர் சுமக்கும் பாயிடம், “தினமும் பை நிறைந்திருக்க வேண்டும்” என்று உத்தரவும் போட்டேன். உத்தரவு போட்டதோடு அதை மறந்தும் போனேன். அதிகாரத்தின் சுகமே அதுதானே.

படகை ஏரியில் இறக்கிக் கட்டிய முதல் நாள் மாலை, ஷாப்பு விட்டதும் நேரே படகுக்குப் போனேன். உள்ளே நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். தகர டப்பாவால் இறைத்து ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாள் மாலையும் அதே நான்கு விரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

படகு ஓட்டை என்று முடிவு செய்தேன். பலகை இடுக்குகளிலெல்லாம் பஞ்சைத் திணித்துத் தார் அடித்தேன். நான்கு விரல். தாருக்குமேல் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினேன். நான்கு விரல். கடைசியில் ஷாப்பில் தோலிலிருந்து சுரண்டி எடுக்கும் கொழுப்பை ஒரு கூடை வாங்கி, படகு முழுவதும் உள்ளும் புறமும் அப்பினேன். அடுத்த நாள் நான் போனபோது ஆம்பூர் நாய்கள் மொத்தமும் படகை நக்கிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டு, அன்று முதல் என்னையும் படகின் ஒரு பாகமாகக் கருதி, வீடுவரை வந்து வழியனுப்ப ஆரம்பித்தன.

“இன்னாங்க, எப்பப் போறோம்?” என்று மனைவி கேட்டாள். பரணில் இருந்த பொங்கல் பானையை இறக்கிக் கழுவியும் வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் மேஸ்திரியிடம் போனேன். அவர் கவலைத் தோல் தைக்கிறவர். கிணற்றிலிருந்து மாடு கட்டி இறைக்கிறார்களே, அந்தப் பெரிய தோல் பை. தைத்து முடித்ததும் அதில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். படகையும் அப்படியே பார்த்துவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு பேராகச் சேர்ந்து படகைக் கரையேற்றி இரண்டு கட்டைகள்மேல் வைத்தோம். குடம் குடமாக ஏரித் தண்ணீரை உள்ளே ஊற்றினோம். மேஸ்திரி அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நானும் படுத்தேன். இரண்டு நாய்களும் படுத்தன.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

“ரைட்டரே,” என்றார் மேஸ்திரி படுத்தபடியே. “உள்ளேர்ந்து வெளிய போவ வழியில்லாத தண்ணி, வெளியேர்ந்து உள்ள எப்டி வரும்?”

“அதைத்தானே மூன்று வாரமாக நானும் கேட்கிறேன்.”

“யாரைக் கேட்டீங்க?”

ஊற்றியதை இறைத்துத் துடைத்துவிட்டு, படகைத் திரும்ப ஏரியில் இறக்கினோம். மறுநாள் மாலை மேஸ்திரியும் கூடவே வந்தார். நான்கு விரல் தண்ணீர் தயாராக இருந்தது. தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துத்தான் சாறு ஏறிவிட்டதா என்று சொல்கிறவர் அவர். அதே விரலைப் படகுத் தண்ணீரில் நனைத்து வாயில் வைத்தார். பிறகு ஏரித் தண்ணீரில் வைத்தார். மறுபடியும் படகுத் தண்ணீர்.

“இது ஏரித் தண்ணி இல்லீங்க. நம்ம நல்ல கெணத்துத் தண்ணி. இனிக்குது.”

ஊரில் உப்புக் கரிக்காத கிணறு ஒன்றே ஒன்றுதான். அது அங்கிருந்து அரை மைல். அரை மைல் பூமிக்குள் நடந்து வந்து என் படகில் ஊறும் அளவுக்கு அந்தக் கிணற்றுக்கு என்மேல் என்ன பாசம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, முதுகில் தண்ணீர்த் தோலைச் சுமந்தபடி பாய் வந்தார். எங்களுக்கு ஒரு சலாம் போட்டார். நேரே படகில் ஏறி அலமாரியைத் திறந்தார். சுருங்கிக் கிடந்த என் ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார். பையின் தையல் நெடுகிலும் முத்து முத்தாக வேர்த்தது.

“பாய்! தினமும் ஊற்றுகிறீர்களா?”

“காலைல ஒரு தபா, ஜாஸ்தியா தீந்துபோவுதேன்னு இன்னிலேர்ந்து சாயங்காலமும் ஒரு தபா. தெனம் காலி பண்ணிட்றீங்களே ஐயா! ஒரு மனுசன் இவ்ளோ குடிச்சா அது சக்கரை வியாதிதான்னு வூட்ல சொல்லிச்சு. பள்ளிவாசல்ல ஒங்களுக்கு துவா கூட கேட்டேன்.”

அந்த அலமாரிக்குள் குனிந்து பார்க்க என் தொப்பை ஒருநாளும் இடம் கொடுக்கவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேஸ்திரி மட்டும் என்னைப் பார்த்தார்.

“தையலுக்குக் கொழுப்பு வேணும்னேன். வேணான்னீங்க. அப்பறம் ஒரு கூடைக் கொழுப்ப எடுத்து, ஒழுவாத படகுக்குப் பூசினீங்க.”

பையைக் கழற்றினேன். மறுநாள் படகு எலும்புபோல் காய்ந்திருந்தது. கொழுப்பு நாற்றத்தோடு மனைவியை ஏற்ற முடியாதென்று அதை மீண்டும் கரைக் கட்டைகள்மேல் ஏற்றி, சீயக்காய் போட்டுத் தேய்த்து, நீலச் சாயம் அடித்து, ஒரு மாதம் காயவிட்டேன். அந்த ஒரு மாதமும் என் தலை படகுக்குள்ளேயேதான் இருந்தது. சாயத்தில் ஒரு நாய் முடி ஒட்டியிருந்தால்கூட என் கண்ணுக்குத் தப்பவில்லை. தப்பியது ஒன்றுதான். நாற்றுக்காக மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு, மனைவி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். கட்டைமேல் இருந்த படகில் ஏறினாள். பலகையைக் கையால் தடவினாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள், உட்கார்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவள் எழுந்து நின்று, ஏரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். நடுவில் நாலைந்து எருமைகள் படுக்கும் அளவுக்கு ஒரு குட்டை. மீதியெல்லாம் வெடித்த சேறு.

அவள் இறங்கி ஏரிக்குள் நடந்தாள். பலகாரத் தூக்கோடு நான் பின்னால் போனேன். இரண்டு நாய்களும் வந்தன. சரியாகக் கால் மணி நேரத்தில் அக்காள் வீட்டு வாசல். கொசுவம் நனையவில்லை. ஒப்பந்தப்படி படகு பிழைத்தது என்று வழி நெடுக எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்திருந்தேன்.

“இன்னாடி, படகு படகுன்னு ஊரெல்லாம் பேச்சா கெடக்குதே, எப்டி இருக்குது?” என்று அக்காள் கேட்டாள்.

“சும்மா சொல்லக் கூடாதுக்கா,” என்றாள் என் மனைவி, கால் தூசியைத் தட்டிக்கொண்டே. “படகுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஏரிலயும் இல்ல.”